டெர்ரி நட்கின்ஸின் விரல்கள்

பிபிசியில் குழந்தைகளுக்கான விலங்கு நிகழ்ச்சிகளை நடத்திய டெர்ரி நட்கின்ஸ் கையை நீட்டி எதையாவது காட்டினால், அந்த விலங்கைவிட அவருடைய விரல்கள்தான் முதலில் கண்ணில் படும். இரண்டு விரல்கள் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். கடித்தது புலியோ முதலையோ இல்லை, வீட்டில் வளர்த்த ஒரு நீர்நாய்.

1946இல் லண்டனில் பிறந்தவர். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு லண்டன் விலங்குக்காட்சி சாலையில் யானைகளோடு திரிந்த பையன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள சாண்டேக்குக்குப் போனார். எழுத்தாளர் கேவின் மேக்ஸ்வெல்லின் நீர்நாய்களைப் பார்த்துக்கொள்வது வேலை. பிறகு மேக்ஸ்வெல்லே அவருக்குச் சட்டப்படி காப்பாளரும் ஆனார். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் மிஜ்பில் என்ற நீர்நாயைப் படித்தவர்களுக்கு மேக்ஸ்வெல் நினைவிருக்கலாம். ஈராக்கிலிருந்து வந்த அந்த மிஜ், நம் காவிரியிலும் மோயாற்றிலும் மீன் பிடிக்கிற நீர்நாயின் இனம்தான். அது இறந்த பிறகு வந்தது எடல். எடல் வேறு இனம், ஆப்பிரிக்க நகமில்லா நீர்நாய்.

பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. நகம் இல்லாவிட்டால் என்ன, பல் இருக்கிறது. கல்லுக்கடியில் நண்டைத் துழாவ முன்கால்கள் மனித விரல் மாதிரி வேலை செய்யும். நண்டின் ஓட்டை நொறுக்க அகலமான கடைவாய்ப்பற்கள். வளர்ந்தது 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். குட்டியில் யார் தூக்கினாலும் மடியில் சுருண்டுகொள்ளும். பருவத்துக்கு வந்ததும் கதை மாறும்: ஓரிருவரை மட்டும் தன் கூட்டமாக எடுத்துக்கொண்டு, மற்றவர்களை எல்லைக்குள் நுழைந்த எதிரியாகப் பார்க்கும். நேற்று வரை சோறு போட்டவராக இருந்தாலும் சரி. எடலிடம் நட்கின்ஸ் விரல்களை இழந்தபோது பதின்பருவம்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் அவர் விலங்குகளை விட்டு ஓடவில்லை.

பிபிசியில் 'அனிமல் மேஜிக்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி 1962இல் தொடங்கியது. அதை நடத்திய ஜானி மாரிஸ், விலங்குக் காப்பாளர் சீருடையில் பிரிஸ்டல் விலங்குக்காட்சி சாலைக்குள் நடப்பார். விலங்குகளுக்கு அவரே குரல் கொடுப்பார். சிரிப்பு வரும், சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகம் நம் பெரியப்பா மாதிரி சலித்துக்கொள்ளும் என்பதைத் தவிர ஒட்டகத்தைப் பற்றிக் குழந்தை என்ன தெரிந்துகொள்ளும்? அந்தப் பாணிக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஜெமினி என்ற கடற்சிங்கத்தோடு நட்கின்ஸ் வந்து சேர்ந்தார். அவர் அதற்குக் குரல் கொடுக்கவில்லை. அதன் வேலையை அதுவே செய்தது.

திரையில் சில நிமிடம் துள்ளுகிற கடற்சிங்கத்துக்குப் பின்னால் நாள் முழுக்க வேலை இருக்கிறது. 100 கிலோ எடையுள்ள பெண் கலிபோர்னியக் கடற்சிங்கம் நாளுக்கு 5 முதல் 8 கிலோ மீன் தின்னும். பெரும்பாலும் உறைந்த மீன்தான் கிடைக்கும். அதைக் குளிர்பெட்டிக்குள்ளேயே மெல்ல இளகவிட வேண்டும். வெந்நீரில் போட்டால் சத்து கரைந்துபோகும், கிருமியும் பெருகும். ஹெர்ரிங் போன்ற மீன்களில் தயமினை, அதாவது வைட்டமின் பி1ஐ, சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அதனால் ஒரு கிலோ மீனுக்கு 25 மில்லிகிராம் வீதம் அந்த வைட்டமின் மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள். விட்டுவிட்டால் முதலில் பசி போகும், அப்புறம் வலிப்பு வரும். நன்னீர்க் குளத்தில் வைத்திருந்தால் உப்பும் சேர்க்க வேண்டும்.

பழக்குவது விசிலும் மீனும் கொண்டுதான். சரியாகச் செய்த அந்தக் கணத்தில் விசில், பிறகு மீன். விசில் இரண்டு நொடி தாமதித்தால் அது வேறு எதையோ கற்றுக்கொள்ளும். வயிறு நிறைந்துவிட்டால் யார் ஊதினாலும் திரும்பிப் பார்க்காது, படப்பிடிப்பு அவ்வளவுதான்.

இவை கடித்தாலும் லேசில் விடக் கூடாது. 'சீல் விரல்' (சீல் என்றால் கடல்நாய், கடற்சிங்கத்தின் உறவு) என்றே ஒரு நோய் உண்டு: மூட்டு வீங்கி விண்விண்ணென்று தெறிக்கும். காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் கிடையாது, ஆகவே பென்சிலின் கேட்காது, டெட்ராசைக்ளின்தான். எது கடித்தது என்று மருத்துவரிடம் சொல்லாவிட்டால் தவறான மருந்தில் நாட்கள் போய், மூட்டே கெட்டுவிடும்.

1986இல் கிறிஸ் பேக்கம், நிக்கோலா டேவிஸ் இருவரோடும் 'தி ரியலி வைல்ட் ஷோ'வைத் தொடங்கிவைத்தார். சுற்றிலும் குழந்தைகள், நடுவில் உயிருள்ள விலங்கு. ஸ்டூடியோவில் விலங்கைக் கெடுப்பது வெளிச்சச் சூடும் கைதட்டலும்தான். காதை மடக்கினாலோ மூச்சு வேகமானாலோ காட்டியது போதும் என்று எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இதைத் தொலைக்காட்சி கற்றுத் தராது. கூண்டு கழுவியவருக்குத் தெரியும். அந்த நிகழ்ச்சி 2006 வரை ஓடியது. அதன் கடைசி ஆண்டுகளில் சேர்ந்த ஸ்டீவ் பேக்ஷால்தான் பிறகு 'டெட்லி 60' என்ற விலங்குத் தொடரில் உலகம் சுற்றியவர்.

நட்கின்ஸ் ஸ்காட்லாந்தை விடவில்லை. 2012 செப்டம்பர் 6 அன்று, 66 வயதில், ரத்தப் புற்றுநோயால் க்ளெனெல்கில் இறந்தார். அங்கிருந்து சில மைல் தள்ளித்தான் சாண்டேக். 1968இல் மேக்ஸ்வெல்லின் வீடு எரிந்தபோது எடலும் உள்ளே மாட்டிக்கொண்டது. வீடு இருந்த கடற்கரையில் அந்த நீர்நாய்க்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.