நடுவட்டத்தில் இருந்துகொண்டு பிஎச்.டி. முடித்த கதை

"நடுவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தகத்துக்கெல்லாம் என்ன செய்தீங்க டீச்சர்?" பிஎச்.டி.யின் கடைசி வாய்மொழித் தேர்வான வைவா முடிந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். நடுவட்டம், நீலகிரி மலையில் எங்கள் ஊர். மலையிலிருந்தே பகுதிநேர ஆய்வு செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

என் தலைப்பு, நீலகிரி சிங்கோனாத் தோட்டத் தொழிலாளர்கள். கொயினா மருந்து எடுக்கும் மரம் அது. 1860-இல் தொட்டபெட்டாவில் நட ஆரம்பித்து, அப்புறம் நடுவட்டத்துக்கும் வந்தது. சீனக் கைதிகளைக் கூட இங்கே கொண்டுவந்து வேலை வாங்கியிருக்கிறார்கள். இன்று சுற்றிலும் தேயிலை. இலங்கையிலிருந்து திரும்பிவந்த என் தாத்தா இங்கேதான் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார்.

ஊர் எங்களுடையது, ஊரைப் பற்றிய காகிதம் எங்கள் ஊரில் இல்லை. கொஞ்சம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், மிச்சம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில், வெள்ளைக்காரர் ஆட்சிக்கால இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். எழும்பூருக்குக் கைடு கொடுத்த கடிதத்தோடு போய், மே லீவில் பத்து நாள் தங்கிப் பென்சிலால் எழுதி எடுத்தேன். லண்டனுக்குப் போக வழியில்லை. அந்த லைப்ரரியின் இணையக் கேட்லாக்கில் கோப்பு எண்களைத் தேடி, வேண்டியதற்கு மட்டும் பணம் கட்டி ஸ்கேன் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். எண்களைக் குறித்துக்கொள்ளாமல் பக்கத்தை மட்டும் புக்மார்க் செய்து வைத்தேனே, அங்கேதான் தப்பு. 2023 அக்டோபர் கடைசியில் அந்த நூலகத்தின் மீது சைபர் தாக்குதல். கேட்லாக்கே படுத்துவிட்டது. 2024 ஜனவரியில்தான் அரைகுறையாகத் திரும்பி வந்தது. அடுத்த அக்டோபரில், பழைய புத்தகங்களின் ஸ்கேன் கிடைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் ஹேக் ஆகிப் பல நாள் திறக்கவில்லை. மூன்றாம் அத்தியாயம் கொடுக்க வேண்டிய வாரம் அது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் நோட்டுல எழுதி வெச்சுக்கணும்ங்கிறது" என்றார். ஒன்றும் பேசாமல் மறுநாள் நானூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன்.

ஹாத்திடிரஸ்ட் என்ற அமெரிக்க இணைய நூலகத்தில் வேறு கூத்து. புத்தகம் இருக்கும், ஸ்கேனும் இருக்கும், சிலவற்றை அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர்தான் பார்க்க முடியும். காப்புரிமைக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறாம். நீலகிரியைப் பற்றிய புத்தகத்தை நீலகிரியில் திறக்க முடியவில்லை என்றால் சிரிப்பதா அழுவதா?

2025 ஜனவரியில், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். ஆனால் இது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். சேரும் முன்பே உங்கள் ஆய்வு மையம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். என் மையம் இருந்தது. இருந்தும் வெளியிலிருந்து நுழைய ஒரு லாகின் வேண்டும், அதைக் கல்லூரியில் ஒருவர் அனுமதிக்க வேண்டும். அந்த ஒருவரைப் பிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கிடைத்த அன்று நல்ல மழை, வீட்டில் சிக்னல் இல்லை. பஸ் ஸ்டாப்பில் குடைக்குள் போனை ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் 41 கட்டுரை இறக்கினேன். கூடலூர் பஸ் நின்று, "ஏறலியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனது.

ஆய்விதழ்கள் கிடைத்தாலும் அந்தக் காலத்து மூல ஆவணம் கிடைக்காது, இதையும் மனதில் வையுங்கள். எனக்குப் பெரிதாக உதவியது ஊட்டியில் ஒரு பழைய ஆபீஸின் மர அலமாரி. பட்டியல் கிடையாது. ரிட்டையர் ஆகப்போகும் ஒரு கிளார்க் அண்ணனுக்கு மட்டும் எது எங்கே என்று தெரியும். 1870-களின் தோட்ட அறிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பூஞ்சை வாடை. புரட்டப் பார்த்தால் தாள்கள் பிரியவில்லை. அச்சகத்தில் மடித்துத் தைத்ததோடு சரி, விளிம்பை யாரும் வெட்டவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அண்ணன் ஸ்டீல் ஸ்கேலை மடிப்புக்குள் விட்டு மெதுவாகக் கிழித்துக் கொடுக்க, நான் பின்னாலேயே படித்துக்கொண்டு போனேன். கூலிக் கணக்கு பதினேழாவது பக்கத்தில் இருந்தது. அவருக்குப் பிறகு அந்த அலமாரி எடைக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சமர்ப்பிக்கும் கட்டம் வெறும் அலைச்சல்தான். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஆய்வேட்டில் எவ்வளவு வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி இந்த ஒப்புமை 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. எனக்கு 23 வந்து தூக்கம் போனது. பார்த்தால் மேற்கோள்களைக் கழிக்கும் பட்டனை யாரும் அழுத்தவில்லை. அழுத்தியதும் 6.

வைவா முடிந்து ஆய்வேடு, இந்திய பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். போன வாரம் அதில் ஒரு அடிக்குறிப்பைச் சரிபார்க்க, நானே மேற்கோள் காட்டிய கட்டுரையைத் திறக்கப் போனேன். லாகின் காலாவதி. நான் இப்போது எந்த மையத்திலும் மாணவி இல்லையாம். கட்டுரை ஒன்றுக்கு முப்பது சொச்சம் டாலர் கேட்கிறது. சரி என்று ஜூனியர் பெண் ஒருத்திக்கு வாட்ஸ்ஆப் போட்டேன். அவளுக்கு லாகின் இருக்கிறது, ஆனால் கூடலூரில் காலையிலிருந்து கரன்ட் இல்லையாம்.