ரிசைன் லெட்டர் கொடுக்காமல் 26 வாரச் சம்பளம் வாங்கினேன்

"ரிசைன் லெட்டர் கொடுத்துட்டுப் போம்மா, குழந்தை பிறந்ததும் நாங்களே கூப்பிட்டுக்கறோம்." எச்.ஆர். மேடம் சொன்ன இந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. யாராவது இப்படிக் கேட்டால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நாமாகவே வேலையை விட்டதாக எழுதிக்கொள்வார்கள்.

இது 2024ல் நடந்தது. கோவையில் ஒரு தனியார் கம்பெனியில், கான்ட்ராக்ட் வேலை. சம்பளம் 21,000க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கிடையாது, பேறுகாலச் சம்பளத்தைக் கம்பெனிதான் தர வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், எனக்கு அது தாராளமாக இருந்தது. அவர்கள் பிடித்துக்கொண்டது வேறு: லீவுக்கு நடுவில் கான்ட்ராக்ட் முடிகிறது, அதுவரைதான் சம்பளம் என்றார்கள்.

இதே கேள்வி ஒரு டெல்லி டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கான்ட்ராக்ட் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் முழுதாகத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து, 26 வாரப் பேறுகால லீவும் சம்பளமும் கேட்டு எழுதிய லெட்டரோடு கொண்டுபோனேன். மேடம் படித்துவிட்டு, "எழுத்துல எல்லாம் எதுக்கும்மா?" என்று திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கே ரெஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

தொழிலாளர் துறை அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாத வயிற்றோடு ஏறிப் போனால், கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஏரியாவுக்கு ஆய்வாளர் வேற ஆபீஸ்மா" என்றார். உட்காரச் சொல்லக்கூட மனசு வரவில்லை. உங்கள் கம்பெனி எந்த ஆய்வாளரின் எல்லையில் வருகிறது என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சரியான ஆபீஸில் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தீங்களா?" அட்டையை நீட்டினேன். கம்பெனி சீலும் தேதியும் தெளிவாக விழுந்திருந்தன. ஆய்வாளர் அங்கேயே போனை எடுத்துப் பேசினார். அந்த வாரமே லீவு ஆர்டர் வந்தது.

பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான பணம் முன்கூட்டியே வந்தது. மீதி, குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும்; வந்தது, ஆனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். 2024ல் இருந்த சட்டப்படி டி.ஏ. (அகவிலைப்படி), வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. சம்பள ஸ்லிப்பை வரி வரியாகப் பாருங்கள். கம்பெனி இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. அதை அவர்களாக யாரும் சொல்லவில்லை. இரண்டையும் எழுதியே கேட்டேன், அடுத்த மாதமே இரண்டும் வந்துவிட்டன.