நண்டுபோல் ஓடும் ஈ

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினான்கு புறாக்கள் வளர்க்கிறேன். சென்ற பங்குனியில் கர்ணப் புறாக் குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தேன். இறகு சரியாக முளைக்காத அதன் முதுகிலிருந்து தட்டையாக ஏதோ ஒன்று பக்கவாட்டில் ஓடி என் சட்டைக்குள் புகுந்துகொண்டது. பிடித்து விரல்களுக்கு இடையில் நசுக்கினேன். விட்டதும் மறுபடி ஓடியது. தோல் வார் மாதிரி உடம்பு. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திய பிறகுதான் அடங்கியது.

"அது உண்ணி, அண்ணாச்சி. பவுடர் போட்டால் போய்விடும்" என்றார் தீவனக் கடைக்காரர். போட்டேன், போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்ப வந்துவிட்டது. மறுபடி பவுடர், மறுபடி அதே கெடு. வட்டிக்காரன்கூட இப்படித் தவணை தவறாமல் வரமாட்டான்.

ஒன்றை செல்லோ டேப்பில் ஒட்டிப் பிடித்து, டவுனில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். கண்ணில் மாட்டும் லென்ஸ் வழியாக இருவரும் மாறி மாறிக் கால்களை எண்ணினோம். ஆறு. வளர்ந்த உண்ணிக்கு எட்டு. முதுகின் மேல் இரண்டே இரண்டு சிறகுகள். அவற்றின் நரம்புகள் முன் விளிம்பை ஒட்டி நெருக்கியடித்துக் கிடந்தன. தலை தோளுக்குள் புதைந்திருந்தது. கால் நுனியில் கொக்கி நகங்கள். ஈதான், சந்தேகமில்லை. படங்களோடு ஒப்பிட்டதில் ஹிப்போபாஸ்கிடே குடும்பம் என்று தெரிந்தது; புறாவில் இருப்பது சூடோலிங்கியா கனேரியென்சிஸ். மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கொண்டு விரட்டினாலும் போகாத ஈக்கள் இருக்கின்றனவே, அவையும் இந்தக் குடும்பம்தான். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும்.

இவற்றின் பிள்ளைப்பேறுதான் என்னை அசரவைத்தது. வீட்டு ஈயைப்போல் நூறு முட்டைகளைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே புழு. அது தாயின் வயிற்றுக்குள்ளேயே பால் போன்ற சுரப்பைக் குடித்து முழுதாக வளர்கிறது. வெளியே வந்ததும் தோல் இறுகிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஆப்பிரிக்காவின் செட்சி ஈயும் இப்படித்தான் ஈனும். இரண்டும் ஒன்றுவிட்ட உறவு.

அன்று மாலையே அடைகாக்கும் மண்சட்டிகளைக் கவிழ்த்தேன். வேப்பங்குச்சிக்கும் எச்சத்துக்கும் நடுவே கடுகைவிடப் பெரிதாய், மிளகைவிடச் சிறிதாய் மினுமினுக்கும் கருமணிகள். அதுவரை தீவனத்தில் கலந்து வந்த ஏதோ விதை என்று நினைத்துப் பெருக்காமலே விட்டிருந்தேன்! நான் பவுடர் தூவியதெல்லாம் பறவையின் மேல். அடுத்த தலைமுறையோ சட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணிகளைப் பாட்டிலில் போட்டுத் துணி கட்டி வைத்தேன். 24-ஆம் நாள் காலையில் இரண்டு ஈக்கள் கண்ணாடியில் நண்டு நடை போட்டன.

இது வெறும் அரிப்போடு போகிற விஷயமில்லை. புறாவின் சிவப்பணுக்களில் குடியேறும் ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணியை இந்த ஈதான் பரப்புகிறது என்று செர்ஜான் சகோதரர்கள் 1906-இல் அல்ஜீரியாவில் கண்டறிந்தார்கள்.

இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை சட்டிக் குப்பையை எரித்துவிட்டுப் புதுக் குச்சி போடுகிறேன். ஆடியில் ஒன்றிரண்டு தென்பட்டன. ஆவணிக்குப் பிறகு குஞ்சுகளின் முதுகு சுத்தமாக இருக்கிறது. பாதி பவுடர் டப்பா இன்னும் பரணில் கிடக்கிறது.