83 வயதில் மூக்குக்குக் கதிர்வீச்சு

தோல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும் எல்லோரும் "வலிக்குமா?" என்றுதான் கேட்டார்கள். மருத்துவரிடம் நான் முதலில் கேட்டது வேறு: எத்தனை முறை வந்து போக வேண்டும்? மேசையில் சில நிமிடம் அசையாமல் படுப்பது இந்த வயதில் பெரிய காரியமில்லை. அதற்காக மகளை விடுப்பு எடுக்கவைத்து, வண்டியில் ஏறி இறங்கி, பெயரைக் கூப்பிடும்வரை முதுகுவலியோடு காத்திருந்து திரும்புகிறோமே, அதுதான் பாடு. என் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல பதில்கள் இருந்தன. கேட்காமல் இருந்தால் யாரும் தானாகச் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கின் வலப்பக்கம், கண்ணாடியின் திண்டு உட்காரும் இடத்தில், சின்னப் பருபோல ஒன்று வந்தது. பொருக்குத் தட்டும், முகம் துடைக்கும்போது உதிர்ந்து ஒரு துளி ரத்தம் வரும், மறுபடி பொருக்குத் தட்டும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. கண்ணாடி அழுத்துகிறது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. வழக்கமான கண் பரிசோதனைக்குப் போனபோது அந்த மருத்துவர்தான், மாதக்கணக்கில் ஆறாத புண்ணைத் தோல் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது என்று கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். புண்ணைச் சுற்றி மினுமினுக்கும் விளிம்பு, அதில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள்: இரண்டையும் கண்ணாடியில் எனக்கும் காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். முடிவு, பேசல் செல் கார்சினோமா.

தோலின் மேலடுக்கில் அடிவரிசையாக இருக்கும் செல்களிலிருந்து வரும் புற்று இது. மெதுவாக வளரும். நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்திலேயே தோண்டிக்கொண்டு போகும். மூக்கு என்றால் குருத்தெலும்பு, பிறகு எலும்பு, பக்கத்திலேயே கண்.

அடுத்து நடந்த ஆலோசனையில் மருத்துவர் முக்கால்வாசி நேரம் என் மகளைப் பார்த்தே பேசினார். "அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? அப்பாவால் நேராகப் படுக்க முடியுமா?" அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். காதில் கருவி மாட்டியிருந்தால் மூளையும் மந்தம் என்று எப்படித்தான் முடிவுகட்டுகிறார்களோ. மகள் இரண்டு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவரிடமே கேளுங்கள், டாக்டர்" என்றாள். அதன் பிறகு, "ஐயா, உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு மிக நன்றாகவே சொன்னார்.

முதல் வழி அறுவை. வெட்டி எடுத்து, விளிம்பில் புற்று மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் உறுதிசெய்துவிடலாம். ஆனால் மூக்கின் மேல் தோல் இறுக்கமானது, இழுத்துத் தைக்க இடமில்லை. கன்னத்திலிருந்தோ நெற்றியிலிருந்தோ தோலைத் திருப்பி ஒட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, கதிர்வீச்சு. மூன்றாவது, எதுவும் செய்யாமல் கவனித்து வருவது. மூன்றாவதையும் வெளிப்படையாகச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. படுக்கையோடு இருப்பவர்களுக்கு அதுவும் நியாயமான முடிவுதான். நான் நடமாடுகிறேன், தினமும் பேப்பர் படிக்கிறேன். வலக் கண்ணை நோக்கி வளரும் ஒன்றை வேடிக்கை பார்க்க மனமில்லை.

மகள் சும்மா இருக்கவில்லை. முகத்தில் வரும் இதே வகைப் புற்றுக்கு அறுவையையும் கதிர்வீச்சையும் ஒப்பிட்டுப் பிரான்சில் நடந்த ஆய்வு ஒன்றைத் தேடி எடுத்தாள். 1997இல் வெளியானது. நான்கு ஆண்டுகளில், அறுவை செய்துகொண்டவர்களில் 0.7 விழுக்காட்டினருக்கும் கதிர்வீச்சு எடுத்தவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கும் கட்டி ஒழியாமல் இருந்தது அல்லது திரும்பி வந்தது. தழும்பின் அழகிலும் அறுவைக்கே வெற்றி. "பத்து மடங்கு வித்தியாசம் அப்பா" என்றாள். நான் அதே எண்ணை மறுபக்கத்திலிருந்து படித்தேன்: கதிர்வீச்சு எடுத்த நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேர் தப்பித்திருக்கிறார்கள். அறுபது வயதாக இருந்திருந்தால் கத்திக்குத்தான் தலையைக் கொடுத்திருப்பேன். கதிர்பட்ட தோல் ஆண்டுகள் போகப் போக வெளுத்து, மெலிந்து, சிவந்த இழைகள் தெரியும். பல பத்தாண்டுகள் கழித்து அதே இடத்தில் வேறொரு புற்று வரும் சிறிய அபாயமும் உண்டு. இளையவர்களுக்கு இதை அவ்வளவாகப் பரிந்துரைக்காததன் காரணம் அதுதான். அந்தப் பல பத்தாண்டுகள் என் கணக்கில் இல்லை.

பிறகு என் எண்ணிக்கைக் கேள்வி. கதிரின் அளவைக் கிரே என்று சொல்கிறார்கள். 50 முதல் 55 கிரே வரை 20 தடவையாகப் பிரித்து நான்கு வாரம் கொடுப்பது ஒரு வழி. 45 கிரேயைப் பத்துத் தடவையில் இரண்டு வாரத்தில் முடிப்பது இன்னொன்று. 35 கிரேயை ஐந்து தடவையில் கொடுப்பதும் உண்டு. மிகவும் தளர்ந்தவர்களுக்கு, புண் சிறியதாக இருந்தால், ஒரே தடவையில் 18 அல்லது 20 கிரே கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. சிறு சிறு தவணையாகப் பிரித்தால், நடுநடுவே நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும், தழும்பு மென்மையாக ஆறும். தவணை குறையக் குறைய ஒவ்வொன்றின் வீரியமும் ஏறும், பின்னாளில் தோல் மோசமாகத் தெரியும். புற்றை அடக்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார் மருத்துவர். என் மூக்கின் அழகைப் பற்றி இனிமேல் கவலைப்பட யாரும் இல்லை. ஆனால் அடியில் குருத்தெலும்பு இருக்கிறது, ஒரேயடியாக வீரியத்தைக் கூட்ட வேண்டாம் என்று அவர் தயங்கினார். பேசிப் பேசி இரண்டு வாரத்தில் முடியும் வழிக்கு வந்து சேர்ந்தோம்.

ஆயத்த வேலை ஒரு நாள் பிடித்தது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலைத் தகட்டை ஈரத்தோடு முகத்தில் போர்த்தி அழுத்தினார்கள். சூடு இதமாகத்தான் இருந்தது. சில நிமிடங்களில் இறுகி, என் முகத்தின் அச்சாகிவிட்டது. படுக்கவைக்கும் முன் தொழில்நுட்பப் பெண் கேட்டது, பல்செட் கட்டியிருக்கிறீர்களா என்று. கட்டியிருந்தேன். அப்படியென்றால் முடியும்வரை தினமும் கட்டிக்கொண்டே வர வேண்டும், கழற்றினால் கன்னம் ஒடுங்கி முகமூடி பொருந்தாது என்றார். கூன்முதுகுக்காரர்கள் தலையணை உயரத்தை அன்றைக்கே ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். அன்று எந்த உயரத்தில் படுத்தோமோ, கடைசிவரை அதே உயரம்தான்.

எனக்குக் கொடுத்தது எலக்ட்ரான் கதிர். சில சென்டிமீட்டருக்குள் அதன் வேகம் அடங்கிவிடும், மூளைவரை போகாது. ஆனால் தோலின் மேற்பரப்பில் முழு வீரியம் கிடைக்காது. புற்று மேற்பரப்பிலேயே இருப்பதால், கதிரை ஏமாற்ற மூக்கின்மேல் ஒரு மெழுகுத் தகடு வைக்கிறார்கள். அதைத் தோல் என்று எண்ணி அங்கே தடுமாறிவிட்டு, புண்ணுக்கு வரும்போது முழு வீரியத்தோடு வருகிறது. சுற்றிலும் ஈயத் தகடு. புண்ணுக்கும் அதைச் சுற்றிய சில மில்லிமீட்டருக்கும் மட்டும் நடுவில் ஒரு துளை. இன்னொரு சிறு ஈயத் துண்டு மூக்குத் துளைக்குள் போகும், உள்ளே இருக்கும் நடுச்சுவரைக் காக்க. அதற்கும் மெழுகு பூசியிருந்தது. வெறும் ஈயத்தில் பட்ட எலக்ட்ரான் பின்னோக்கித் தெறித்து உள்தோலைப் புண்ணாக்குமாம். இமையில் புற்று வந்திருந்த ஒரு மூதாட்டிக்குக் கண்ணில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமைக்குள்ளேயே கவசம் வைத்தார்கள். அவர் கதையைக் கேட்ட பிறகு என் மூக்குத் துண்டைப் பற்றி நான் முணுமுணுக்கவில்லை.

சிக்கல் காதில் வந்தது. முகமூடி மாட்டக் காதுக் கருவியைக் கழற்ற வேண்டும். கழற்றினால், அறைக்கு வெளியிலிருந்து ஒலிபெருக்கியில் அவர்கள் சொல்லும் எதுவும் கேட்காது. முதல் நாள் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கதவைச் சாத்தப் போகும்முன் என் புறங்கையில் இரண்டு தட்டு தட்டுவது, எனக்கு ஏதாவது என்றால் இடக் கையைத் தூக்குவது, அதைக் கேமராவில் பார்த்ததும் நிறுத்திவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். அதன் பிறகு பயம் போயிற்று. செவித்திறன் குறைந்தவர்கள் இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

"கரண்ட் வைக்கிறார்களாமே, பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்" என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிஞ்சுகிறதா? அன்று மாலையே பேத்தியை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் நிறுத்தவில்லை; கத்தி வேண்டாம் என்றதில் அது ஒரு லாபம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் இந்தச் சிகிச்சையின் பழங்கதையைப் படித்தேன். ரான்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். நான்கே ஆண்டுகளில், 1899இல், ஸ்டாக்ஹோமில் தோர் ஸ்டென்பெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மூக்கில் இருந்த இதே வகைப் புற்றுக்கு அந்தக் கதிரைக் கொடுக்கத் தொடங்கினார். நூறு தடவைக்கு மேல், ஒன்பது மாதம். முப்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண் நலமாக இருந்தாராம். அவரை அழைத்துப் போய்வந்தது யாரோ, அதைப் பற்றி எந்தக் குறிப்பும் எழுதியவர்கள் தரவில்லை.

மேசையில் படுத்திருந்தபோது வலி துளிக்கூட இல்லை. சிகிச்சை முழுவதும் முடிந்த பிறகுதான் வலி வந்தது. இரண்டாம் வாரத்தில் மூக்கு சிவந்தது. கடைசி நாள் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வீடு வந்த பிறகு, அடுத்த வாரம்தான் தோல் உரிந்து, நீர் கசிந்து, மஞ்சள் பொருக்காகக் கட்டியது. மூக்கினுள்ளும் வறண்டு, சிந்தினால் ரத்தக் கீற்று. பார்க்கிறவர்கள், "முன்னைவிட மோசமாக இருக்கிறதே" என்றார்கள். கதிர் கொடுத்து முடிந்த பிறகும் ஓரிரு வாரம் புண் ஏறிக்கொண்டே போய், பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஆறும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுப்பது, மேலே வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவது, பொருக்கைப் பிய்க்காமல் இருப்பது, பிளாஸ்திரி ஒட்டாமல் இருப்பது, வெயிலில் அகல விளிம்புத் தொப்பி. இவ்வளவுதான் பராமரிப்பு. உண்மையான கஷ்டம் மூக்குக் கண்ணாடி. புண்ணின்மேல் திண்டு படக் கூடாது. அத்தனை வாரமும் பூதக்கண்ணாடியைக் கையில் பிடித்து வரி வரியாகப் பேப்பர் படித்தேன், தலையங்கத்தைத் தாண்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

பொருக்கு ஒரு நாள் முகம் கழுவும்போது முழுசாக விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். இப்போது அது சுற்றியுள்ள தோலைவிட வெளிறி, சற்றுப் பள்ளமாக இருக்கிறது. கண்ணாடி அதன்மேல் உட்காருகிறது.

ஒருமுறை இந்தப் புற்று வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வருவது சாதாரணம் என்பதால், பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் காது மடல், கழுத்து, முதுகு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். கதிர் பட்ட இடத்திலேயே திரும்பி வந்தால் அங்கே மறுபடி கதிர் கொடுக்கப் பொதுவாகத் தயங்குவார்கள், அப்போது கத்திதான். அதனால் எந்த இடத்தில், எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்தத் தேதிகளில் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கினேன். முதலில் பில்லை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு முறை கேட்ட பிறகு அதுவும் வந்தது. ஒரு பிரதி என் கோப்பில் இருக்கிறது, ஒன்று மகளிடம்.