கந்தகம் குறைவுதான், ஆனால்...

"நம்ம நிலக்கரியில் கந்தகம் குறைவு சார், கவலையே இல்லை." அனல்மின் நிலையத்தில் இதைக் கேட்காமல் யாரும் ஓய்வு பெற்றிருக்க மாட்டார்கள். பேச்சு உண்மைதான், அரை சதவீதம் அளவில்தான் இருக்கும். ஆனால் ஈஎஸ்பி (புகையிலிருந்து சாம்பல் தூசை மின்சாரத்தால் பிரித்துப் பிடிக்கும் சாதனம்) பக்கம் வேலை பார்த்தவனுக்கு அந்தக் குறைவே பெரிய தலைவலி.

எங்களுக்கு ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வரும். அதில் சாம்பல் மட்டும் 40 சதவீதம் வரை. 210 மெகாவாட் யூனிட் மணிக்கு ஏறக்குறைய 130 டன் எரித்தால் 50 டன் சாம்பல், அதில் பெரும்பகுதி, சுமார் 40 டன், புகையோடு பறந்து வரும். ஈஎஸ்பி 99 சதவீதம் பிடித்தாலும் மணிக்கு 400 கிலோ வெளியே போய்விடும் என்பதால் அந்தக் கடைசி ஒரு சதவீதத்தோடுதான் மல்லுக்கட்டு. உயர் அழுத்தக் கம்பிகள் துகளுக்கு மின்னேற்றம் கொடுக்கும், துகள் தகட்டில் ஒட்டும், சுத்தியல் தட்டினால் அடியில் உள்ள ஹாப்பர் தொட்டியில் விழும். சொல்ல எளிது.

கந்தகம் குறைந்தால் புகையில் எஸ்ஓ3 (சல்பர் டிரை ஆக்சைடு) குறையும். அது கொஞ்சம் துகள் மேல் படிந்தால்தான் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும். இல்லாவிட்டால் தகட்டில் படிந்த அடுக்குக்குள்ளேயே பொறி கிளம்பி, பிடித்த சாம்பலைத் திரும்பப் புகைக்குள் தள்ளிவிடும், பேக் கரோனா என்போம். அப்போது மீட்டரில் மில்லிஆம்பியர் ஏறும், புதிதாக வந்த பையன் ஃபீல்டு (ஈஎஸ்பியின் ஒரு பகுதி) ஜோராக ஓடுகிறது என்று நினைப்பான், பக்கத்து மீட்டரில் கிலோவோல்ட் இறங்கியிருப்பதைக் கவனிக்க மாட்டான். சார்ஜ் ரேஷியோவை மாற்றி, அதாவது மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். சில நிலையங்களில் புகையில் அம்மோனியாவைச் செலுத்துகிறார்கள். மழைக்காலத்தில் ஹாப்பரில் சாம்பல் இறுகி அடைத்துக்கொண்டால் இந்தச் சாமர்த்தியம் எதுவும் எடுபடாது, சம்மட்டிதான் (எங்கள் ஹாப்பர்த் தகடுகள் முழுக்கக் குழி). அடைப்பு எடுக்கப்படாமல் சாம்பல் கம்பி வரை ஏறினால் ஃபீல்டு ட்ரிப், நின்றே போகும்.

சரி, தூசு கதை இது. கந்தகம் எரிந்து வரும் எஸ்ஓ2 (சல்பர் டை ஆக்சைடு) வாயுவை ஈஎஸ்பி தொடவே தொடாது. 2015 டிசம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கும் வரம்பு வைத்தது, இரண்டு வருடக் கெடு நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் பெரும்பாலான யூனிட்டுகளுக்கு அந்த எஸ்ஓ2 வரம்பிலிருந்தே, அதாவது எஃப்ஜிடி (புகையிலிருந்து எஸ்ஓ2வை நீக்கும் அமைப்பு) போடுவதிலிருந்தே, விலக்கு வந்துவிட்டது. உடனே அதே பழைய பாட்டு, கந்தகம் குறைவாம். 130 டன்னில் அரை சதவீதம் 650 கிலோ. எரிந்து ஆக்சிஜனோடு சேர்ந்தால் எடை இரட்டிப்பு, மணிக்கு 1,300 கிலோ எஸ்ஓ2, ஒரே யூனிட்டில். கண்ணுக்குத் தெரியாது, அப்புறம் காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி வெகுதூரம் போகும்.

எஃப்ஜிடிக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும், தண்ணீர் வேண்டும், நாம் தயாரிக்கும் மின்சாரத்திலேயே ஒரு பங்கை அது தின்னும், அப்புறம் மலையாகக் குவியும் ஜிப்சத்தை யாராவது வாங்க வேண்டும். செலவு தாங்காது என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம், கணக்குப் பார்க்கலாம். கந்தகமே இல்லை என்பதுபோலப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு வாக்குவாதம்.