பதினைந்து நிமிடம்

எங்கள் துறை நடத்திய இரண்டு நாள் கருத்தரங்குக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். பத்து மணிக்குத் தொடங்கிய விழா, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முடியும்போது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. போன நேரத்தை ஆய்வாளர்களிடம் பிடித்தோம். ஒரு கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டது ஆறு நிமிடமானது.

பிற்பகல் அமர்வில் ஒரு மாணவி பேசினார். அதுதான் அவருடைய முதல் கட்டுரை. தன் ஊர்ப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களை நேரில் போய்ப் பார்த்து எழுதியிருந்தார். மூன்றாவது நிமிடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர், "யாரும்மா உன் நெறியாளர்?" என்றார். பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். கட்டுரையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அமர்வுத் தலைவர் மணியடித்தார். அந்தப் பெண் தாள்களை மடித்துக்கொண்டு இறங்கினார். மேடையோரம் நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. பெரியவரை எப்படித் தடுப்பது என்ற அச்சத்தை அன்று மரியாதை என்றே நம்பினேன்.

அதே கருத்தரங்கில் இன்னொன்றும் நடந்தது. விருந்தினர்களை ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர வரவேற்புக் குழு மாணவியின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தோம். நாங்கள் கொடுத்த எண்தான். கருத்தரங்கு முடிந்த பிறகும் விருந்தினர் ஒருவரிடமிருந்து இரவுகளில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மாணவி சொன்னபோது, "அவர் நம்ம ஊழியர் இல்லையே, நாம என்ன செய்ய முடியும்?" என்றுதான் முதலில் பேசிக்கொண்டோம்.

அதன்பிறகுதான் விதிகளை எடுத்துப் படித்தேன். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழு எங்கள் கல்லூரியிலும் இருந்தது, அறிவிப்புப் பலகையில் பெயர்களாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள், வளாகத்துக்கு வந்துபோகும் வெளியாரால் நேரும் துன்புறுத்தலையும் சேர்த்தே பேசுகின்றன. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்தது தவறு. மாணவியுடன் உட்கார்ந்து புகாரை எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் முதல் பக்கத்திலேயே சில வரிகள் அச்சிட்டோம். கேள்வி கட்டுரையைப் பற்றியே இருக்க வேண்டும். நெறியாளர், கல்லூரி, ஊர், சாதி பற்றி வேண்டாம். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. சங்கடம் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று இரண்டு ஆசிரியர்களின் பெயரும் எண்ணும். விருந்தினர்களுக்குத் துறையின் எண் மட்டுமே போனது. பொன்னாடைகளை மதிய உணவுக்கு முன்னால் மொத்தமாகப் போர்த்தினோம். பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகவே இருந்தது.

"வர்றவங்க எல்லாம் படிச்சவங்க. இதை அச்சடிச்சா அவங்களை அவமானப்படுத்தின மாதிரி இருக்காதா?" என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். அன்று முன்வரிசையில் சிரித்த இருவரும் படித்தவர்கள்தான் என்றேன். அவரும் அன்று அரங்கில் இருந்தவர். மேற்கொண்டு பேசவில்லை.

கொடை விழா பற்றி எழுதிய மாணவி கருத்தரங்கக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிடும் ஆய்வுக்கோவைக்குத் தன் கட்டுரையை அனுப்பவே இல்லை. பக்க எண்கூடப் போட்டு வைத்திருந்தோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து அவருக்குக் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் அழைப்பிதழ் அனுப்புகிறேன். இதுவரை பதில் வரவில்லை.