நரம்பணுவைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட மாதங்கள்

வலிப்பு நோய்க்காகப் பல ஆண்டுகளாக என்னிடம் கார்பமாசெபைன் பெற்றுவந்த ஒருவர், மணிக்கட்டு எலும்பு முறிந்தபோது, வேறோர் இடத்தில் கொடுத்த டிராமடால் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டார். வலி தணியவில்லை என்று அளவைத் தாமே கூட்டினார். மூன்றாம் நாள், நான்கு ஆண்டுகளாக வராதிருந்த வலிப்பு வந்துவிட்டது. கார்பமாசெபைன் கல்லீரல் நொதிகளைத் தூண்டி டிராமடாலை விரைவாகச் சிதைத்துவிடும் என்பதும், டிராமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதும் நான் படித்தறிந்தவைதாம். ஆனால், "தூக்கம் வரவைக்கிற மருந்து எப்படி டாக்டர் வலிப்பைக் கொண்டுவரும்?" என்று அவருடைய மகள் கேட்டபோது, என்னால் ஒரு வரிக்கு மேல் விளக்க முடியவில்லை. அந்தக் கேள்விதான் நாற்பது வயதைத் தாண்டிய என்னை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாணவனாக அனுப்பியது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகு வேலை தொடங்கியது. எலியின் மூளையை வெளியே எடுத்து, பனிபோல் குளிர்ந்த கரைசலில் அமிழ்த்தி, அதிரும் பிளேடால், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியை 300 மைக்ரான் தடிமனுள்ள துண்டுகளாக வெட்ட வேண்டும். அதன்பின் 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீத கரியமில வாயுவும் குமிழியிடும் உப்புக் கரைசலில் அவை ஒரு மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். இதைக் கற்பது அவ்வளவு கடினமாக இல்லை.

என்னைச் சோதித்தது, எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் 1976இல் உலகுக்குத் தந்த, நரம்பணுவின் மின்னோட்டத்தை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறை. ஒரு மைக்ரான் அளவே நுனியுள்ள கண்ணாடிக் குழாயை, உள்ளிருந்து லேசாக அழுத்தம் கொடுத்தபடியே நரம்பணுவிடம் கொண்டுசென்று, சவ்வில் சிறு குழி தெரிந்ததும் அழுத்தத்தை விட்டு, மெல்ல உறிஞ்ச வேண்டும். மின்தடை ஒரு கிகா ஓமை (நூறு கோடி ஓம்) தாண்டினால்தான் சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டியதாகப் பொருள். ஆறு வாரங்கள் எனக்கு ஒருமுறைகூட ஒட்டவில்லை. என் கை நடுக்கமே காரணம் என்று நம்பி மனம் தளர்ந்திருந்தேன். இறுதியில் குழாய் இணைப்பை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்தபோது ஒரே ஒரு குமிழி எழுந்தது; அந்தக் கசிவால் அழுத்தம் நிற்காமல், நுனியில் அழுக்குப் படிந்துகொண்டிருந்தது. இணைப்பை மாற்றிய அன்று மாலையே முதல் நரம்பணு ஒட்டியது. அன்றைய மகிழ்ச்சியை இன்றும் நான் மறக்கவில்லை.

கார்பமாசெபைன் தண்ணீரில் எளிதில் கரையாது. எனவே அதைக் கரைக்கும் திரவத்தை மட்டும் தனியாகச் செலுத்தியும் ஒவ்வொரு முறை சரிபார்த்தோம். எந்த அளவில் கொடுப்பது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நோயாளியின் இரத்தத்தில் நாம் விரும்பும் அளவு மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு புரதத்தோடு பிணைந்திருக்க, கால் பங்குதான் நரம்பணுவை எட்டுகிறது. அதைவிடப் பல மடங்கு கூடுதலான அளவில் கிடைக்கும் அழகான வரைபடம் நோயாளிக்கு எவ்வகையிலும் உதவாது என்பது என் உறுதியான எண்ணம். குறைந்த அளவிலும் விளைவு தெரிந்தது: தொடர்ந்து மின்னோட்டம் கொடுத்தபோது முதல் துடிப்புகள் மாறாமல் வர, பிந்தையவை மங்கி நின்றன. நரம்பணுச் சவ்வில் திறந்து மூடி ஓய்ந்த சோடியம் வாயில்களையே இம்மருந்து பற்றிக்கொள்கிறது என்று பாடநூலில் படித்தது கண்முன் நிகழ்ந்தது.

அடுத்து, டிராமடால் போன்ற மருந்துகள் பற்றிக்கொள்ளும் நரம்பணுப் புரதமான மியூ வகை ஓபியாய்டு ஏற்பியை மட்டும் தூண்டும் டாம்கோ என்ற பெப்டைடைச் செலுத்தினேன். பிற நரம்பணுக்களைத் தூண்டும் பிரமிடு நரம்பணு அடங்கும் என்று எதிர்பார்த்தேன். அது முன்னைவிட அதிகமாகத் துடித்தது. மருந்துக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று அஞ்சி மறுநாளும் செய்தேன், அதே விளைவுதான். வழிகாட்டியவர் எதுவும் சொல்லாமல், ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்கள் பற்றி மேடிசன், நிக்கோல் என்ற ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட கட்டுரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். குழாயை அருகிலிருந்த, பிறவற்றை அடக்கும் தடுப்பு நரம்பணுவுக்கு மாற்றியதும் விடை கிடைத்தது. டாம்கோ அதன் பொட்டாசியம் வாயில்களைத் திறந்து அதை அடக்கியது. பிரமிடு நரம்பணுவைக் கட்டுப்படுத்த வேண்டிய காவலே ஓய்ந்துவிட, அது கட்டவிழ்ந்து துடித்திருக்கிறது. ஓபியாய்டு ஏற்பியை மறிக்கும் நாலாக்சோன் செலுத்தியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது.

கார்பமாசெபைன் இருக்கும்போதே டாம்கோ கொடுத்தபோதும், தடுப்பு மின்னோட்டம் அதேபோல் குறைந்தது. விரைவுத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்தால், போன காவலைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

டிராமடால் செரோட்டோனினையும் நார் அட்ரினலினையும் கூடுதலாகத் தேங்கச் செய்கிறது. அதனால் அதன் வலிப்பு முழுவதற்கும் இந்த ஒரு வழியே காரணம் அன்று என்பதை அந்த மகளிடம் சொன்னேன். காகிதத்தில் இரண்டு நரம்பணுக்களை வரைந்து, எது எதை அடக்குகிறது என்று காட்டினேன். அவர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய தந்தையின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், 'டிராமடால் கொடுக்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையொப்பமிட்டேன்.